பழுதைப் படித்தல்

இராசபாளையத்து நூற்பாலையில் இழை அறுந்தால், தொழிலாளி பொறியைப் பிரித்துப் போடுவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு இழையைப் பிணைத்துவிடுகிறார். திருவில்லிபுத்தூர் நெசவாளரும் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை.

கணிப்பொறியிடம் மட்டும் நாம் இப்பொறுமையைக் காட்டாதது ஏனோ? சிறு தடை நேர்ந்தவுடன் அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவ முற்படுகிறோம். எழுதிவைத்த கட்டுரையும் சேர்த்துவைத்த படமும் உடன் அழிகின்றன. இதனைப் பழுது நீக்கல் என்பது பொருந்தாது.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்குதளத்தின் கருவை வெளியிட்டார். தொடக்க நாட்களில் அதனை நிறுவியோர் பெரிதும் இடர்ப்பட்டனர். ஆயினும் பொறி வாய்மூடி நிற்கவில்லை. லினக்ஸைத் துயிலெழுப்பும் 'லிலோ' என்னும் சிறு நிரல், தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். ஓரெழுத்தும் தோன்றாவிடில் நிரலே ஏறவில்லை. முதலெழுத்தோடு நின்றால், அதன் இரண்டாம் பகுதியை ஏற்ற இயலவில்லை. இரண்டெழுத்தோடு நின்றால், அப்பகுதி ஏறியும் இயங்கவில்லை. எத்துணை நேர்மையான அறிவிப்பு! வன்தட்டின் அமைப்பைப் பற்றி நேரும் கணக்குக் குழப்பம் அதற்கு ஒரு காரணம். அக்குழப்பம் தீராதவரை, நூறுமுறை அழித்து நிறுவினாலும் அதே இரண்டெழுத்தே திரையில் நிற்கும்.