வெள்ளைக் கோடும் பாட்டியம்மாளும்

நமது பட்டணங்களில் வீதியின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவதற்கு, வெள்ளம் புரளும் ஆற்றைக் கடக்கும் சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. ஆற்றிலாவது ஓடம் உண்டு, ஓடக்காரன் உண்டு. வீதியிலோ வெள்ளைக் கோடுகள் மட்டுமே உண்டு. அவை நடப்பவருக்காகப் போடப்பட்டவை என்பதைப் பாதசாரிகள் நன்கு அறிவார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் அறிவார்களா என்பதுதான் சந்தேகம். பச்சை விளக்குக்காக அவர்கள் காத்திருப்பதே பெரும்பாலும் அந்தக் கோடுகளின் மேலேதான்!

பழி முழுவதையும் ஓட்டுகிறவர்கள் தலையில் சுமத்திவிடுவது சுலபம். வீதியை அமைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டென்பது நமது அபிப்பிராயம். ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். சாலையைக் கடக்க எத்தனை வினாடி விடுவது என்று தீர்மானிக்கும்போது, மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொள்வது பல தேசத்து எஞ்சினீயர்களின் வழக்கம். அப்படியானால் 18 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு 15 வினாடி போதும். ஆனால், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நடையை இங்கிலாந்தில் அளந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரி 0.9 மீட்டரும், பெண்கள் 0.8 மீட்டருமே நடந்தார்கள். எனவே 15 வினாடி முடிந்து விளக்கு மாறும்போது பாட்டியம்மாள் 12 மீட்டர்தான் வந்திருப்பாள். பாக்கி 6 மீட்டரை, உறுமிக்கொண்டு புறப்படும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, காய்கறிப் பையும் கையுமாக அவள் நடந்து தீர்க்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்னும் சில வினாடி கூட்டிக் கொடுக்கலாம். சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு அமைக்கலாம். கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு மேடாக்கினால், எந்த அவசரக்காரரும் வேகத்தைக் குறைத்தே தீருவார்.

அதிகாரிகளுக்குப் பிரியமான பரிகாரமோ வேறு. அது நடை மேம்பாலம். லாரி நுழைய 5.5 மீட்டர் உயரம் விட்டு, படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் வைத்தால், ஏறக்குறைய 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். பழனிக்குப் போகிறவர் பிரார்த்தனையோடு ஏறுவார். பால் வாங்கப் போகிறவர் எதற்காக ஏறுவது? லிப்ட் வைத்த இடங்களும் உண்டு. அது ஓடுகிற நாட்களில் சௌகரியந்தான்.

சட்ட திட்டங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. நடைபாதை 1.8 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. அதே வருஷம் கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துக்களைக் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துக் கை சலித்தவர் கோர்ட்டுக்குப் போனதில் வியப்பில்லை. அந்த வழக்கிலேதான், தடையற்ற நடைபாதை குடிமக்களின் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் கோர்ட்டார் கூறினார்கள். சென்னை மாநகராட்சியும் 2014-ல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதைகளும் திறக்கப்பட்டன. அங்கே பாட்டியம்மாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். அந்த நடைபாதை முடிந்து நாற்சந்தி வருகிற இடத்தைப் பற்றித்தான் நமது கவலையெல்லாம்.