உம்மாவின் அன்பும் சைக்கிளின் சுமையும்



பரீட்சை முடிந்து விடுமுறை வந்ததும், "உம்மா, கூட்டாளிமாரோடு சைக்கிளில் நுவரெலியாவுக்குப் போய், இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கி வரப்போகிறோம்" என்று பிள்ளை வந்து நிற்பான். வாப்பா சம்மதித்துவிட்டால், அடுத்த வேலை உம்மாவுக்குத்தான். தடித்த போர்வை, நாலு சோடி உடுப்பு, ஒரு போத்தல் அச்சாறு, இடியப்ப மா என்று பை நிறையத் தொடங்கும். எல்லாம் அன்பினால் வைப்பவைதான். ஆனால் பஸ்ஸில் போகிறவனின் சுமையை பஸ் சுமக்கும். சைக்கிளில் போகிறவனின் சுமையை அவனது முழங்கால்தான் இழுக்க வேண்டும்.

மலை ஏறுவதில் களைப்பு மட்டும்தான், இறங்குவதில்தான் ஆபத்து. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். இடையிலுள்ள றம்பொடைப் பாதை வளைவுக்கு மேல் வளைவு. கெரியரின் மேல் சுமையைக் குவித்துக் கட்டினால் திருப்பத்தில் சைக்கிள் ஆடும். பாரம் முழுவதும் பின்னால் போனால் முன்சில்லு இலேசாகி, ஹேண்டில் சொன்னபடி திரும்பாது. பாரம் கூடக் கூட பிரேக்கும் கஷ்டப்படும். அதை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் றிம் சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு. விட்டு விட்டுப் பிடிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.

சாமான் கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கெரியரின் இரு பக்கமும் இரண்டு பைகள் தொங்க வேண்டும். இரண்டும் ஒரே பாரமாக இருக்கட்டும். அரிசி, அடுப்பு, சாவிகள் போன்ற பாரமானவை அடியில். உடுப்பு அதற்கு மேல். மழையங்கியும் மருந்தும் கைக்கு எட்டும்படி எல்லாவற்றுக்கும் மேல். கூடாரத்தைச் சுருட்டி கெரியரில் படுக்கையாக வையுங்கள். உடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிய பிறகே பைக்குள் வைக்க வேண்டும். எரிபொருள் போத்தல் சாப்பாட்டோடு சேரக்கூடாது. மிதிக்கும்போது குதிகால் பையில் முட்டக்கூடாது. பழைய டியூபைக் கீறி எடுத்த றப்பர் பட்டி வழுக்காமல் பிடிக்கும். எதனால் கட்டினாலும் நுனி தொங்கக்கூடாது. அது சில்லுக் கம்பியில் சுற்றினால் பிள்ளை விழுவான்.

நாலு பேர் போனால் நாலு சட்டி எதற்கு? கூடாரம், அடுப்பு, பம்ப் ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொள்ளட்டும். கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வழிநெடுகக் கடைகள் இருக்கின்றன. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ பாரம், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஆனால் இடமில்லை என்று எடுத்துவிடக்கூடாத சில பொருள்களும் உண்டு. மாற்று டியூப், ஒட்டுச் சாமான், பம்ப், மாற்று பிரேக் கட்டை, லைட், ஜீவனி, கம்பளிச் சட்டை ஒன்று, நிலத்தில் விரிக்கத் தடித்த விரிப்பு ஒன்று. நுவரெலியாவின் இரவுக் குளிர் நிலத்திலிருந்தும் ஏறும்.

தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சில்லுச் சைக்கிளில் புறப்பட்டார். துருக்கி, ஈரான் எல்லாம் கடந்து 1886 டிசம்பரில் ஜப்பானின் யோக்கஹாமாவை அடைந்தார். அவர் கொண்டுபோன சாமான்களில் மாற்றுச் சட்டை ஒன்றும் காலுறையும் மழையங்கியும் இருந்தன. அந்த மழையங்கியே அவருக்குக் கூடாரம், அதுவே படுக்கை. உலகைச் சுற்றியவருக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று நாள் பயணத்துக்கு நாலு சோடி உடுப்பு தேவையா என்று யோசித்துப் பாருங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரமே எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றி, மகனைத் தெருவில் ஒரு சுற்று ஓடிவரச் சொல்லுங்கள். ஆடுவதை இறுக்குங்கள், தேவையில்லாததை இறக்குங்கள். அவன் திரும்பவும் ஓடிப் பார்க்கட்டும். பிரேக் சுமையோடு பிடிக்கிறதா என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம். அச்சாறுப் போத்தல் குசினியிலேயே இருக்கட்டும், வந்து சாப்பிடுவான். பிறகு, பீ அமானில்லாஹ் என்று மனம் நிறைந்து அனுப்பி வையுங்கள்.