கடலில் ஒரு நாள் உல்லாசம்: படகில் ஏறும் முன் ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. "எல்லோரும் சேர்ந்து ஒரு படகு பிடித்து, கடலில் ஒரு சுற்று சுற்றி வந்தால் என்ன?" என்று யாரோ ஒருவர் ஆரம்பிக்கிறார். உடனே எல்லோருக்கும் ஆசை பிறந்துவிடுகிறது.

புளிசாதம் கட்டுகிறார்கள். தண்ணீர் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரைக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, படகு வருமா?"

"எத்தனை பேரு?"

"பெரியவங்க பதினைஞ்சு. பசங்க ஏழெட்டு."

"ஏறுங்க. பார்த்துக் கொடுங்க."

பிறகு வாடகைப் பேரம். அது அரை மணி நேரம் நடக்கும். நூறு ரூபாய் குறைத்துவிட்டால் பெரிய வெற்றி! ஆனால், "இந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காததனால் வந்த கதியை வட சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழவேற்காட்டில் நடந்தது

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. எண்ணூரையும் மீஞ்சூரையும் தாண்டிப் போகவேண்டும். இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது. பூநாரைகளைப் பார்க்கவும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கவும் ஜனங்கள் போவார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகை. உறவினர்களான சில குடும்பங்கள் அங்கே போயின. ஒரு மீன்பிடிப் படகை வாடகைக்குப் பேசி, ஏறத்தாழ 25 பேர் ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். உயிர் காக்கும் மிதவைச் சட்டை கிடையாது.

படகு கவிழ்ந்தது. 22 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள்!

காலையில் சிரித்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்கள். மாலையில் பிணங்களை அடையாளம் காட்ட ஆள் தேடவேண்டிய நிலை. அந்தக் கோரத்துக்குப் பிறகு, பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு விடுவதற்கு அதிகாரிகள் தடை போட்டார்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் போலீசார் அங்கே காவல் நிற்பது வழக்கமாயிற்று.

படகு ஏன் கவிழ்கிறது?

கடலை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. படகுக்கு ஒரு கணக்கு உண்டு. கனம் அடியில் இருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும். கனம் மேலே ஏறினால் சாயும். மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் சுமக்கச் செய்தது. மீன் அடியிலே கிடக்கும், அசையாது. மனிதன் அப்படி இருப்பானா? எழுந்து நிற்பான். போட்டோ எடுப்பான். "அதோ பார்!" என்று ஒருவர் கத்தினால், அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள்.

தேக்கடியில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி அப்படித்தான் ஆனது. "ஜலகன்யகா" என்ற சுற்றுலாப் படகு. கரையில் மிருகங்களைக் கண்டதும் ஜனங்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்தார்கள். படகு சாய்ந்தது. 45 பேர் பலியானார்கள். அது கேரள அரசாங்கத்தின் சுற்றுலாக் கழகமே நடத்திய படகு!

கேரளத்திலேயே தானூரில் 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி இன்னொரு விபத்து. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, உல்லாசப் படகாக ஓட்டினார்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். பொழுது சாய்ந்த பிறகும் சவாரி. இதிலும் 22 பேர் மாண்டார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று தமிழ்நாடு, இரண்டு கேரளம். ஒன்று அரசாங்கப் படகு. இரண்டு தனியார் படகு. எதிலும் புயல் அடித்துக் கப்பல் உடையவில்லை. ஆட்கள் அதிகம், அல்லது ஒரு பக்கமாகச் சேர்ந்த கூட்டம், மிதவைச் சட்டை போடாத உடம்பு. காரணம் இவ்வளவுதான்.

கப்பல் போகிற பாதை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள கடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அது வேலை செய்கிற கடல்.

தெற்கே சென்னைத் துறைமுகம். அதை ஒட்டிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வடக்கே போனால் 2001-ம் ஆண்டு முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகம். இப்போது அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதற்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். நிலக்கரிக் கப்பலும், எண்ணெய்க் கப்பலும், பெட்டிக் கப்பலும் வந்து போகிற வழி அது. விசைப்படகுகளும் பைபர் படகுகளும் அதே தண்ணீரில்தான் போய் வருகின்றன.

பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. பிரேக் போட அது பஸ் அல்ல. எஞ்சினை நிறுத்திய பிறகும் வெகுதூரம் ஓடும். கப்பலின் முன்னால் மிக அருகில் இருக்கும் சின்னப் படகு, மேலே நிற்கும் மாலுமியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்களே மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் கரையெல்லாம் படிந்தது. ஜனங்கள் வாளி கொண்டு அதை அள்ளினார்கள். எல்லாக் கருவிகளும் கொண்ட கப்பலுக்கே இந்தக் கதி.

பம்பாய்த் துறைமுகத்தில் 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி நடந்ததும் இதே பாடம்தான். எலிபெண்டா குகைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற "நீல்கமல்" படகின் மீது, சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப் படகு வந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள். துறைமுகத் தண்ணீரில் உல்லாசப் பயணம் என்றால், நம் படகோட்டி நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வழியில் வேறு யார் வருகிறார்கள் என்பது தெரியவேண்டும். நாம் அங்கே இருக்கிறோம் என்பது துறைமுகத்தாருக்கும் தெரியவேண்டும்.

யாருக்குப் படகு? யாருக்குத் தடை?

"இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, பிறகு எதற்குக் கடலுக்குப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பழைய கதை பார்க்கவேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875-ம் ஆண்டு. கடலுக்குள் நீண்ட கற்சுவர் எழுந்தது. வங்கக் கடலின் நீரோட்டம் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போவது. சுவர் அந்த மணலைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, மெரினா அகலமாயிற்று. வடக்கே மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருக்களையும் வீடுகளையும் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டவேண்டி வந்தது.

தெற்கே இருப்பவர்களுக்கு மணல்வெளி. வடக்கே இருப்பவர்களுக்குக் கல்மேடு. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து, கடற்காற்றிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் கால் நனைக்க நல்ல இடம் தேடவேண்டியிருக்கிறது!

உல்லாசப் படகு வட சென்னைக்குப் புதிதல்ல. துறைமுகச் சபைத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ம் ஆண்டில் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தைத் தொடங்கினார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று பெயர். துறைமுகத்துக்குள்ளேயே அதன் இடம். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே பாய் விரிகிறது. ஆனால் அது அங்கத்தினர்களுக்கு உரிய சங்கம்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்றும் புறப்பட்டது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். அதில் ஏற ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். இப்போது சொகுசுப் படகை மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் கம்பெனிகளும் சென்னையில் இருக்கின்றன. வசதி உள்ளவர்கள் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். கம்பெனிக்காரர்கள் விருந்து வைக்கிறார்கள்.

நடுத்தரக் குடும்பத்துக்கு அரசாங்கச் சுற்றுலாக் கழகத்தின் முட்டுக்காடு படகுத்துறை உண்டு. டிக்கெட் உண்டு. மிதவைச் சட்டை உண்டு. ஆனால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையில், தெற்கே இருக்கிறது. எண்ணூர்க்காரர் நகரத்தை முழுவதும் கடந்து அங்கே போகவேண்டும்.

ஆகவேதான் பக்கத்தில் கிடைக்கிற மீன்பிடிப் படகைப் பேசுகிறார்கள். தடை போட்டால் ஆசை தீருமா? தீராது. தடை உள்ள இடத்தில் நடக்கும் சவாரிக்குக் கணக்கு கிடையாது, எழுத்து கிடையாது, எத்தனை பேர் போனார்கள் என்று கரையில் சொல்ல ஆள் கிடையாது.

மீனவரும் பிழைக்கவேண்டும்

மீனவர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வலையில் மீன் படாத நாளில், நாலு பேரை ஏற்றினால் டீசல் செலவாவது கிடைக்கும் என்று நினைக்கிறார். அது பேராசை அல்ல, வயிற்றுப்பாடு. ஆனால் மீன்பிடிப் படகைப் பதிவு செய்வது மீன் பிடிப்பதற்குத்தான். பயணிகளை ஏற்றி விபத்து நடந்தால், படகோட்டி ஜெயிலுக்குப் போவார். போன உயிர் திரும்பாது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன் முட்டையிடும் காலம் என்று தடை. அதே நாட்களில்தான் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை! கடலை அறிந்த ஆட்கள் வேலையில்லாமல் கரையில் இருக்கிறார்கள். கடலைப் பார்க்க ஆசைப்படும் குடும்பங்களும் கரையில் இருக்கின்றன.

பயணிகளுக்கென்றே கட்டிய படகுகளை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடனில் கொடுக்கலாம். படகோட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரலாம். கப்பல் பாதைக்கு விலகிய ஒரு வழியைத் துறைமுகத்தார் குறித்துக் கொடுக்கலாம். திருவொற்றியூர்க் குப்பத்தில் 2025-ம் ஆண்டு புதிய மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கேயோ காசிமேட்டிலோ ஒரு மூலையில் டிக்கெட் ஜன்னல் வைத்தால் போதும். வருகிறவர் பெயரை எழுதி, தலையை எண்ணி, சட்டையை மாட்டி அனுப்பலாம். தடைக்குக் காவல் நிற்கும் போலீஸ்காரர், அந்த எண்ணிக்கை சரியா என்று பார்க்கட்டும்.

ஏறும் முன்

அந்த நாள் வரும் வரை, சொகுசுப் படகானாலும் சாதாரணப் படகானாலும், காசு கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

பயணிகளை ஏற்ற இந்தப் படகுக்கு அனுமதி உண்டா? காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஏறவேண்டாம்.

எத்தனை பேருக்கு அனுமதி? குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு ஆள்தான்.

ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா? குழந்தைகளுக்குச் சின்ன அளவு வேண்டும். மூலையில் குவித்து வைத்த சட்டை யாரையும் காப்பாற்றாது. கரையிலேயே மாட்டி, வாரைக் கட்டவேண்டும்.

வானிலை எச்சரிக்கை உண்டா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை மறக்கவே கூடாது. ஆறும் ஏரியும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அலை திடீரென்று எழும்பும். அங்கே விளையாட்டு வேண்டாம்.

பொழுது சாயும் முன் திரும்புவோமா? எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093 என்ற எண்களில் டெலிபோன் செய்யலாம்.

படகு ஏற்கெனவே நிறைந்துவிட்டதா? அப்படியானால் பாதிப்பேர் இப்போது போகட்டும். மீதிப்பேர் அடுத்த சவாரியில் போகட்டும். வாடகை இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். பேரம் பேசுகிற அரை மணி நேரத்தில் ஒரு நிமிஷத்தை எடுத்து, "அண்ணே, இது எத்தனை பேரைத் தாங்கும்?" என்று கேளுங்கள்.

"பார்த்துக்கலாம், ஏறுங்க" என்று பதில் வந்தால், புளிசாதத்தைக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.