காடு விட்டு நகர் புகுந்த கதைமாந்தர்

நாட்டுப்புறக் கதை காட்டிலும் கழனியிலும் பிறந்தது; நகரத்தினுள் வந்தால் அஃது உயிர் துறக்கும் என்பது நம்மிடையே பலர் கொண்டுள்ள கருத்து. ஸ்லாவிய மக்களின் கதைமரபு இக்கால நகர்சார் மாயப் புனைவுகளில் பெற்றுள்ள இடத்தை நோக்குமிடத்து, இக்கருத்து முற்றும் பொருந்தாது என்பது புலனாகும். எனினும், நகர் புகும் கதை எதனைத் தன்னுடன் கொண்டு வருகிறது என்பதே ஈண்டு நாம் எழுப்ப விழையும் வினா.

அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட ருஷ்ய நாட்டுப்புறக் கதைத்தொகுப்பு ஏறத்தாழ 600 கதைகளைக் கொண்டது. கோழிக்கால்கள்மீது நிற்கும் குடிசையில் வாழ்ந்து, உரலில் ஏறிப் பறந்து திரியும் கிழவி பாபா யாகாவை அதில் காண்கிறோம். தன் சாவை ஊசியிலும், ஊசியை முட்டையிலும், முட்டையை வாத்திலும், வாத்தை முயலிலும் ஒளித்துவைத்த கஷ்செயையும் காண்கிறோம். ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைத்த அரக்கனைப் பாட்டியர்வழிக் கேட்டறிந்த நமக்குக் கஷ்செய் அயலான் அல்லன். விளாதிமிர் பிராப் தமது 1928ஆம் ஆண்டு நூலில் கதைகளுக்குரிய 31 வினைக்கூறுகளை வகுத்ததும் இத்தொகுப்பின் 100 கதைகளைக் கொண்டேயாம்.

இம்மாந்தரை ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர் தம் 1965ஆம் ஆண்டு நாவலில் ஒரு சோவியத் ஆய்வு நிறுவனத்துள் குடியமர்த்தினர். அங்கே கோழிக்கால் குடிசை நிறுவனத்தின் அருங்காட்சியகமாகி, அலுவலக நடைமுறையை நகையாடத் துணைநின்றது. நீல் கெய்மன் 2001இல் எழுதிய நாவலில் செர்னோபோக் என்னும் பழந்தெய்வம், புலம்பெயர்ந்தோருடன் அமெரிக்கா சென்று, சிகாகோவின் எளிய குடியிருப்பொன்றில் முதுமையைக் கழிக்கிறது. வழிபட்டோர் மறந்தமையால் நலிந்த அதன் நிலை, புலம்பெயர்ந்தார் தனிமையின் உருவகமே எனலாம்.

நகர் புகுந்த கதை வெறும் பெயர்களை மட்டும் சுமந்து வருமாயின், அது வேடமே அன்றி மரபு ஆகாது என்பது நம் துணிபு. தொமவோய் என்னும் இல்லுறை ஆவியைச் சான்றாகக் கொள்வோம். ருஷ்யச் சிற்றூர்க் குடும்பங்கள் வீடு மாறுங்கால், பழைய அடுப்பின் தணலை எடுத்துச் சென்று தொமவோயையும் புதுமனைக்கு அழைப்பது வழக்கம். வீடு என்பது சுவரன்று, உறவே என்னும் உணர்வு அவ்வழக்கத்தில் பொதிந்துள்ளது. கேத்தரின் வாலென்டே இதனை நன்குணர்ந்தவர். அவர்தம் 2011ஆம் ஆண்டு நாவலில், புரட்சிக்குப்பின் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் குடியேற்றப்படுகின்றன. உடன்வந்த தொமவோய்களும் தமக்கெனக் குழு அமைத்துக் கொள்கின்றன. மரபின் விதியை அறிந்தமையாலன்றோ ஆசிரியரால் அதனைப் புதுக்காலத்துக்கு நீட்ட முடிந்தது?

இத்தகைய கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்காவோ எனப் பெரியோர் வினவலாம். 1920களில் சோவியத் கல்வியாளர் பலரும் இவ்வாறே கருதி மாயக்கதைகளை எதிர்த்தனர். ஆயின் 1934இல் நடந்த சோவியத் எழுத்தாளர் முதல் மாநாட்டில் மாக்சிம் கார்க்கி, நாட்டார் வாய்மொழியின் பெருமையை வலியுறுத்தினார். கதையை நம்புதல் வேறு. கதையை அறிதல் வேறு. அறிதலால் ஒரு மக்களின் அச்சமும் ஆசையும் அறவுணர்வும் விளங்குகின்றன.

இவ்வளவிற்கும் வித்திட்ட அஃபனாசியெவ் 1862இல் அரசுப் பணியை இழந்தார். தம் நூல்களை விற்று வாழும் நிலைக்குத் தாழ்ந்து, 1871இல் வறுமையில் மறைந்தார். எனினும் அவர் ஏட்டில் ஏற்றிய கதைகள் நூற்றாண்டு கடந்து, கடல் கடந்து புதிய நாவல்களாயின. எழுதப்பெறாத கதைக்கு இப்பேறு வாய்ப்பது அரிது. சொல்லும் முதியவரோடு அதுவும் மறைந்துபோகும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, புதிதாகப் புனைய விழைவோர் முதற்கண் கேட்போராகுக! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இல்லத்து மூத்தோரிடம் ஒரு கதையேனும் கேட்டு, அவர்தம் சொல் மாறாது எழுதி வருக. சொன்னவர் பெயரையும் ஊரையும் உடன் குறித்திடுக. நாளைய நாவலுக்கு நாம் இன்று கொண்டு செல்லும் அடுப்புத் தணல் அதுவே.