கையில் பிக் லைனா, மார்பில் போர்ட்டா? நோயாளியிடம் கேட்டாச்சா?

"நரம்பு கிடைக்கலம்மா, அந்தக் கையைக் காட்டுங்க." கீமோ வார்டில் தினமும் கேட்கும் குரல் இது. நரம்பு என்று பேச்சில் சொல்லப்படுவது உண்மையில் சிரை. சில சுற்று கீமோவிலேயே அது கெட்டிப்பட்டுப் போகலாம். சில மருந்துகள் சிரைக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். அதனால்தான் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை வரை போகும் குழாய் தேவைப்படுகிறது.

மேற்கை வழியாகப் போடுவது பிக் லைன். அறுவை அரங்கு வேண்டாம், படுக்கையிலேயே போட்டுவிடலாம். ஆனால் ஒரு முனை வெளியே தொங்கும்; வாரம் ஒருமுறை சுத்தம் செய்து டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், நனையக் கூடாது. போர்ட் என்பது மார்புத் தோலுக்கு அடியில் சின்ன ஆபரேஷன் செய்து வைப்பது. காயம் ஆறிவிட்டால் தாராளமாகக் குளிக்கலாம்.

பிரிட்டனில் 1,061 பேரிடம் மூன்று வகைக் குழாய்களை ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் 'லான்செட்' இதழில் வந்தது. தொற்று, ரத்த உறைவு, அடைப்பு போன்ற சிக்கல்கள் பிக் லைன் போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கு வந்தன. அவர்களோடு ஒப்பிடப்பட்ட போர்ட் குழுவில் 32 சதவீதம்தான்.

அப்போ எல்லாருக்கும் போர்ட்தானா? அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 12 வாரமோ அதற்கு மேலோ சிகிச்சை பெற வேண்டியவர்கள். நோய் முற்றியவருக்குக் கணக்கே வேறு. இன்னும் எத்தனை மாதம் கீமோ? வீட்டுப் பக்கத்தில் டிரெஸ்ஸிங் மாற்றத் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா? இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்குமா? இவை முதல் கீமோவுக்கு முன்பே பேச வேண்டியவை. பல இடங்களில் பேச்சு தொடங்குவதே இரண்டு கையும் கறுத்த பிறகுதான். அப்போதும் கையெழுத்து கேட்கிறார்களே தவிர, விருப்பத்தைக் கேட்பதில்லை.

கீமோவே நின்றுவிட்டால்? டிரிப்ஸ் இல்லை என்றதும் 'கைவிட்டுட்டாங்க' என்று குடும்பம் உடைந்துபோகிறது. ஆனால் மார்ஃபின், வாந்திக்கான சில மருந்துகள், கொஞ்சம் சலைன் இவற்றைத் தோலுக்கடியில் சின்ன ஊசி வழியாகவே கொடுக்கலாம். ரத்தம் ஏற்ற அது உதவாது, உண்மைதான். வலிக்கு உதவும். ஒரே இடத்தில் சில நாள் இருக்கும். சிவந்தால் வேறு இடத்தில் மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே.