சுந்தர்ஜி மீது ஒரு பழைய வழக்கு

செங்கல்பட்டில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. 1986 முதல் 1988 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. அவர் பெயரை எடுத்தாலே ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழும்: டாங்கிப் பைத்தியம், பாலைவனத்தில் படம் காட்டியவர், பிரதமருக்கே தெரியாமல் போர் மூட்டப் பார்த்தவர், இலங்கையில் படையை மாட்டிவிட்டவர்.

முதலில் டாங்கி. 1946-இல் அவர் சேர்ந்தது மஹர் ரெஜிமென்ட் என்ற காலாட்படைப் பிரிவில். பிறகு முதலாவது கவசப் படைப்பிரிவுக்கே தலைமை தாங்கியபோதும் அவர் காலாட்படைக்காரர்தான். அவர் கவலை டாங்கியைப் பற்றியதல்ல, அதன் பின்னால் லாரியில் வரும் சிப்பாயைப் பற்றியது. 1973-இல் சினாயில் காலாட்படைத் துணையின்றி முன்னேறிய இஸ்ரேலிய டாங்கிகளை, எகிப்தியர்கள் கையில் சுமந்து வந்த சிறு ஏவுகணைகளாலேயே நொறுக்கினார்கள். 1979-இல் இந்தியாவில் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானதில் சுந்தர்ஜியின் பங்கு பெரிது. அப்படை ஏறிச் செல்லும் பி.எம்.பி-2 வண்டிக்குள் ஓட்டுநர், சுடுபவர், தலைவர் என மூவர் போக ஏழு வீரர்கள் உட்காரலாம். வண்டி தெலங்கானாவின் மேடக் ஆலையில் தயாராகிறது. எஞ்சினோ நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில். ‘டேங்க் ஃபேக்டரி’ ஊர் என்று மட்டும் ஆவடியை அறிந்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலைவனம் மட்டுமே தெரிந்தவர் என்பது இதைவிடப் பலவீனமான வாதம். 1986 கோடையில் அருணாசலத்தின் சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து முகாமிட்டார்கள். பக்கத்து நாம்கா சூ ஆற்றங்கரையில்தான் 1962-இல் நம் படை பள்ளத்தில் நின்று, மேட்டிலிருந்து வந்த எதிரியிடம் அழிந்தது. சுந்தர்ஜி அதே தவற்றைச் செய்யவில்லை. ஹெலிகாப்டர்களில் படையை ஸெமிதாங்கில் இறக்கி, ஹாதுங் லா முகட்டைப் பிடிக்கவைத்தார். டில்லியில் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. தம் ஆலோசனை போதாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் அவர். பெரிய சண்டை மூளவில்லை. 1988 டிசம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி பெய்ஜிங் சென்றார்.

இனி ‘பிராஸ்டாக்ஸ்’, ராஜஸ்தானில் 1986-87-இல் நடந்த மாபெரும் போர்ப்பயிற்சி. அது மாறுவேடப் போர் என்று ஓய்வுபெற்ற தளபதி ஒருவரே பின்னாளில் எழுதினார். ஆனால் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் அருண் சிங்குக்குத் தெரியாமல் இத்தனை பெரிய படை நகர்ந்திருக்க வழியில்லை. தாக்குவதே நோக்கமென்றால் பஞ்சாப் எல்லையை மெலிதாக விட்டுவைத்தது ஏன்? 1987 ஜனவரியில் பாகிஸ்தான் படை அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் இங்கிருந்து அவசர அவசரமாகத் துருப்புகள் அனுப்பப்பட்டன. எதிராளி எப்படி மிரளுவான் என்று கணிக்கத் தவறியதைக் குறையாகச் சொல்லலாம். சதி என்று சொல்ல ஆதாரம் போதாது.

இலங்கை பற்றிய கடைசிக் குற்றச்சாட்டு கடினமானது. கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வாழும் ஈழத்தமிழர்களிடம், இந்திய அமைதிப்படை அங்கே போனபோது தலைமைத் தளபதியாக இருந்த ஒருவருக்கு நற்சான்று கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. புலிகளைச் சில வாரங்களில் முடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி உறுதியளித்ததாக அப்போது இலங்கையில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பதிவு செய்திருக்கிறார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிய முப்பது சீக்கிய வீரர்களில் 29 பேர் மாண்டார்கள். இந்தப் பழியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் முழுப்பழியும் அவருடையதல்ல. போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது இந்திய உளவுத்துறை. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ராஜீவ். அமைதி காக்கவென்று அனுப்பிய படையைப் போரிடச் சொன்னது அரசு. சுந்தர்ஜி 1988 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். படை ஊர் திரும்பியது 1990 மார்ச்சில்.