லாங் வெகேஷன் – பக்கத்து ரூமில் ஒரு ஆள்

அண்ணாச்சி போன மாசம் ஊருக்கே திரும்பிப் போய்ட்டார். அண்ணாச்சின்னா என் ரூம்மேட், திருநெல்வேலிப் பக்கம். டோக்கியோவில், நிஷி-கசாயில், மூணு வருஷமா ஒரே வீட்டில் இருந்தோம். (நிஷி-கசாய் தெரியாதவர்களுக்கு: தோசாய் லைனில் ஒரு ஸ்டேஷன். நம்மூர் ஐடி மக்கள் மண்டிக் கிடக்கிற ஏரியா. கறிவேப்பிலை கிடைக்கும், அது போதாதா?) போகும்போது ஒரு ரைஸ் குக்கர், அரைப் பை துவரம்பருப்பு, பழைய டிவிடி பெட்டி ஒண்ணு, இவ்வளவும் எனக்கு விட்டுட்டுப் போனார். "இதப் பாருடே, நல்லாருக்கும்" என்றார். டிவிடி பெட்டிதான் 'லாங் வெகேஷன்'.

1996-ல் ஃபுஜி டிவியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, திங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த தொடர். பதினோரு எபிசோட். நான் பிறப்பதற்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. என்னோட அரைகுறை ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலும் ஜப்பானியமே, நிறுத்தி நிறுத்தி அகராதி பார்த்து, மூணு வாரத்தில் முடித்தேன். முடிச்சதும் தோணினதை எழுதாமல் இருக்க முடியலை. அதான் இந்தப் பதிவு. கதையைச் சொல்லிட்டியேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, கிட்டத்தட்ட முப்பது வருஷம் டைம் குடுத்தாச்சு :-)

கதை இப்படி ஆரம்பிக்கும். மினாமி, வயசு 31, மாடலிங் வாய்ப்பு குறைஞ்சுகிட்டே வர்ற ஒரு மாடல். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை வரலை. வெள்ளை கல்யாணக் கிமோனோவோடயே நடுரோட்டில் ஓடி அவன் வீட்டுக் கதவைத் தட்டறா. கதவைத் திறக்கிறது மாப்பிள்ளை இல்லை, அவனோட ரூம்மேட் சேனா. மாப்பிள்ளை கம்பி நீட்டிட்டான், மினாமியோட சேமிப்பையும் சேர்த்து. கையில் காசில்லை, வாடகை கட்ட வழியில்லை. ஓடிப்போனவன் காலி பண்ணின ரூமிலேயே அவள் குடிவந்து சேர்றா. சேனா 24 வயசு பியானோக்காரன். மேல்படிப்புக்கு இடம் கிடைக்காமல் குழந்தைகளுக்கு பியானோ சொல்லிக் கொடுத்துட்டு இருக்கிற, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆசாமி. அவனுக்கு ஜூனியர் பொண்ணு ஒருத்தி மேல் ஆசை. அந்தப் பொண்ணு மினாமியோட தம்பி பின்னாடி போயிடுது. மினாமிக்கும் நடுவில் ஒரு போட்டோகிராபர் வர்றார். கடைசியில் யார் யாரோட சேர்வாங்கன்னு முதல் எபிசோடிலேயே எல்லாருக்கும் தெரியும். எழுதினது கிதாகாவா எரிகோ. சேனாவாக கிமுரா தகுயா, மினாமியாக யமாகுச்சி தொமொகோ.

இதை எல்லாரும் காதல் கதைன்னுதான் சொல்றாங்க. எனக்கு அதில் கொஞ்சம் மாற்றுக்கருத்து. இது ரூம்மேட் கதை. காதல் கடைசியில் வந்து ஒட்டிக்கிட்டது. அந்த ரெண்டு பேரும் தேறினது காதலால் இல்லை. பக்கத்து ரூமில் லைட் எரியுது, யாரோ ஃபிரிட்ஜைத் திறந்து மூடறாங்க, அவ்வளவுதான் மருந்து. சேனா வாசிப்பில் தப்பே இருக்காது, ஆனால் கேட்கிறவனைத் தொடாதுங்கிறது அவனோட வாத்தியார் குறை. அது மாற ஆரம்பிக்கிறது மினாமி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, இசை ஞானம் கொஞ்சமும் இல்லாமல், 'நல்லாருக்கு'ன்னு சொல்றதிலிருந்து. அப்போ ரெண்டு பேருக்கும் நடுவில் காதலும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நிச்சயமான கல்யாணம் நின்னு போச்சு. காரணமெல்லாம் இங்கே வேண்டாம், ரெண்டு பக்கமும் நல்லவங்கதான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி அம்மா போனில் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஆபீஸ் போனேன், ரிலீஸ் பண்ணினேன், வந்து படுத்தேன். அண்ணாச்சிகிட்ட மூச்சு விடலை. பத்து நாள். அதுவரைக்கும் அவர் தன் ரூமில் ஹெட்போன் மாட்டிக்கிட்டு கிரிக்கெட் பார்க்கிற ஆள். அந்த வாரத்திலிருந்து லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டு வந்து, சத்தமாக வெச்சு, ஏதோ அஞ்சு வருஷப் பழைய மேட்ச் எல்லாம் பார்த்துட்டு இருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராத்திரியானால் "ரசம் ஜாஸ்தியாப் போச்சு, கொட்டணும், நீ குடிச்சுரு" என்பார். தினமும் எப்படிய்யா ரசம் ஜாஸ்தியாகும்? இதெல்லாம் எனக்குப் புரிய மாசக்கணக்கில் ஆச்சு. கடைசிவரை அவர் என்ன ஆச்சுன்னு கேட்கவே இல்லை, நானாகச் சொன்னப்போ "ம்" என்றார்.

லாங் வெகேஷனில் பேர் பெற்ற காட்சி ஒண்ணு உண்டு. மினாமி நொந்து போயிருக்கும்போது சேனா ஒரு யோசனை சொல்வான். எதுவுமே சரியா அமையாத காலத்தை கடவுள் குடுத்த நீளமான லீவுன்னு நினைச்சுக்கலாம், வலிஞ்சு ஓட வேண்டாம், அவசரப்பட வேண்டாம் என்பான். அப்புறம் என்னாகும்னு அவ கேட்பா. சரியாகும் என்பான். நிஜமாவான்னு கேட்பா. கொஞ்சம் இடைவெளி விட்டு, "தபுன்" என்பான்.

தபுன்னா 'அநேகமாக'. எனக்கு மொத்தத் தொடரிலும் பிடிச்ச வார்த்தை அது. நம்ம ஹீரோவாக இருந்தால் கையைப் பிடிச்சுக்கிட்டு 'நான் இருக்கேன்'னு சொல்லியிருப்பார், பின்னாடி வயலின் வாசிச்சிருப்பாங்க. இவனுக்கே தன் வாழ்க்கை எங்கே போகுதுன்னு தெரியாது, அதனால் அநேகமாக. பொய் சொல்லாமல் ஆறுதல் சொல்ல முடியும்னு எனக்குக் காட்டினது இதுதான். (என் மேனேஜர்கிட்ட எஸ்டிமேட் கேட்டதுக்கு அநேகமாகன்னு சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி.)

இன்னொண்ணு, அது வந்த காலம். நிலம், பங்கு விலையெல்லாம் ஊதிப் பெருத்த குமிழி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உடைஞ்சு போச்சு. 1995 ஜனவரியில் கோபே பூகம்பம், ஆறாயிரத்துக்கு மேல் சாவு. அதே மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு. அடுத்த வருஷம் ஒரு ஆள் டிவியில் வந்து 'லீவுன்னு நினைச்சுக்கோ' என்கிறான். சராசரி ரேட்டிங் 29.6 சதவீதம், கடைசி எபிசோட் 36.7. அந்தக் கணக்குக்கு கிமுராவோட முடி மட்டும் காரணம்னு என்னால் நம்ப முடியலை. பாதிக் காரணம் முடிதான், அதையும் ஒத்துக்கறேன்.

குறை இல்லாமல் இல்லை. 31 வயசுப் பொண்ணை ஏதோ காலாவதியான பால் பாக்கெட் மாதிரி எல்லாரும் பேசறாங்க, அவளே பேசறா. இப்போ பார்க்க கடுப்பா இருக்கு. அப்புறம் அந்த லீவுத் தத்துவம். அதே வருஷங்களில் காலேஜ் முடிச்சு வந்த பசங்களுக்கு நிரந்தர வேலையே கிடைக்கலை. 'வேலைவாய்ப்பு பனியுகம்'னே அந்தக் காலத்துக்கு இங்கே பேர். அதில் மாட்டினவங்களில் பலர் நாற்பது, ஐம்பது வயசிலும் தற்காலிக வேலையிலேயே இருக்காங்க. அவங்களுக்கு லீவு முடியவே இல்லை. சேனாவுக்கு மட்டும் போட்டியில் ஜெயிச்சு பாஸ்டனுக்கு டிக்கெட். மினாமியும் கூடப் போறா. கடைசிக் காட்சியில் கல்யாணத்துக்கு லேட்டாகி ரெண்டு பேரும் ஓடறாங்க. முதல் காட்சி ஓட்டத்துக்கு இது ஜோடின்னு தெரியுது, கண்ணும் கலங்குது. ஆனாலும் எனக்கு அந்த பாஸ்டன் கொஞ்சம் திகட்டிருச்சு.

இப்போ என் பிரச்சினைக்கு வர்றேன். அண்ணாச்சி ரூம் காலி. ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் 'இருபத்தெட்டு வயசாச்சு, இன்னுமா ரூம்மேட்? தனியா ஒன்-ரூம் எடு, நிம்மதியா இரு'ங்கிறாங்க. இந்த ஊரில் அதுதான் சகஜம். 2020 கணக்கெடுப்பில் ஜப்பானியக் குடும்பங்களில் 38 சதவீதம் ஒத்தை ஆள் குடும்பம். 2021-ல் தனிமைக்குன்னே ஒரு அமைச்சரைப் போட்டாங்க, 2024-ல் சட்டமே வந்தது. அதே 2024-ல் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்து கிடந்தவங்க 76,020 பேர்னு போலீஸ் கணக்கு சொல்லுது. பெரும்பாலும் வயசானவங்க, சரிதான். ஆனால் அவங்களும் ஒரு காலத்தில் 28 வயசில் நிம்மதியா இருக்கலாம்னுதானே தனி ரூம் எடுத்திருப்பாங்க? தனியா இருக்கிறவங்க எல்லாரும் பாவம்னு நான் சொல்ல வரலை, சந்தோஷமா இருக்கிற பத்துப் பேரை எனக்கே தெரியும். நான் அந்த ரகம் இல்லை. அந்தப் பத்து நாளில் இந்த வீட்டில் நான் மட்டும் இருந்திருந்தால் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியும். அதனால் சொல்றேன்.

போன ஞாயிறு மொன்சென்-நகாச்சோவில் ரயில் மாறி மொரிஷிதாவில் இறங்கி, சுமிதா ஆத்தங்கரைக்குப் போனேன். மஞ்சள் தூண் வெச்ச ஷின்-ஓஹாஷி பாலம். சேனா மாடி ஜன்னலிலிருந்து ரப்பர் பந்தைக் கீழே போட, அது ரோட்டில் மோதித் திரும்ப மேலே வருமே, அந்தக் கட்டடம் இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போ இல்லை, இடிச்சாச்சு. கொஞ்ச நேரம் ஆத்தைப் பார்த்துட்டு நின்னேன். அண்ணாச்சிக்கு போட்டோ அனுப்பினேன். "எல்லாம் பாத்து முடிச்சிட்டியாடே? அழுதியா?"ன்னு பதில் வந்தது. அநேகமாகன்னு போட்டேன்.

ரூமுக்கு ஆள் தேடறேன்னு தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நேத்து ஒரு தம்பி வந்து பார்த்துட்டுப் போனான், கோயம்புத்தூர், இங்கே வந்து ரெண்டு வாரம்தான் ஆகுதாம். வீட்டைச் சுத்திக் காட்டினதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, ராத்திரி சமைச்சா உங்களுக்கு சத்தம் தொந்தரவா இருக்குமாங்ணா?"